கொங்குச் சீமையின் ஆயுதங்கள் – 14: ஆறு அறை ரிவால்வரும் அருணாசலத்தின் கத்தியும்

சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதோடு சென்ற பகுதி முடிந்தது. நாள் 1805 ஜூலை 31. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆயுதத்தின் கதையும் அன்றோடு தீர்ந்துபோனதாகத்தான் நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நடத்துகின்றன. பாளையக்காரர் படை கலைந்தது, கோட்டைகள் பாழடைந்தன, கும்பினி ஆட்சி ஊன்றியது, அதன் பிறகு நிலவரி, ரயில், பஞ்சம் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இந்த ஊர்களில் இருந்த துப்பாக்கிகள் என்னவாயின, அடுத்த நூறு ஆண்டுகளில் புதிதாக வந்தவை யார் கையில் இருந்தன, அவற்றில் ஒன்றுகூட ஏன் நம் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் நமக்குக் காணக் கிடைப்பதில்லை? இந்தப் பகுதியில் அதைத்தான் பேசப்போகிறோம்.

பழைய ரிவால்வர்களைச் சேகரிப்பது இன்று உலகெங்கும் பெரிய பணம் புரளும் துறை. அதில் உச்சாணிக் கொம்பில் இருப்பது 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகை. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அப்படி இழுக்கும்போதே குண்டுகள் இருக்கும் உருளை ஒரு அறை சுழன்று, அடுத்த குண்டு குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ளும். விசைக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று, குதிரையை விடுவிப்பது. பிற்காலத்து 'டபிள் ஆக்‌ஷன்' ரிவால்வரில் விசையை இழுத்தால் போதும், உருளை சுழல்வது, குதிரை எழுவது, விழுவது எல்லாம் தானாக நடந்துவிடும். பழைய வகையில் உறுப்புகள் குறைவு, பொறிநுட்பம் எளிது, கைவேலை நேர்த்தி கண்ணுக்குத் தெரியும். சேகரிப்பவர்களை இழுப்பது அந்த எளிமைதான். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு ஏலம் நடந்தது. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரீஃப் பாட் காரெட் 1881-இல் சுட்டுக் கொன்ற ரிவால்வர் அதில் 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அது 1873-இல் வெளிவந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் வகை. அதற்கும் மூத்தது 1847-இன் வாக்கர் மாடல். மொத்தமே 1,100 போல்தான் செய்தார்கள். அதில் ஒன்று 2018-இல் 18 லட்சம் டாலரைத் தாண்டியது.

இந்தத் தொகைகளைச் சொல்வது வாயைப் பிளக்க வைப்பதற்காக அல்ல. அதே கம்பெனி அதே காலத்தில் செய்த ரிவால்வர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில் தமிழ்நாட்டுக்கும் வந்தன. அமெரிக்காவில் பலவற்றின் தொடர் எண்ணும் யார் வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதும் ஏடாக இருக்கிறது. இங்கே ஒரு வரியும் இல்லை. அந்த வெறுமைக்குக் காரணம் தற்செயல் அல்ல, சட்டம். அங்கே வருவதற்கு முன் ரிவால்வர் வந்த வழியைப் பார்த்துவிடுவோம்.

சாமுவேல் கோல்ட் தன் சுழல் துப்பாக்கிக்கு 1835-இல் இங்கிலாந்திலும் 1836-இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். முதல் கம்பெனி திவாலானது. மெக்சிகோ போர் அவரைத் தூக்கிவிட்டது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு நூற்றுக்கணக்கான ரிவால்வர்களோடு வந்து கடை விரித்தார். அதே பொருட்காட்சியில்தான் இந்திய அரங்கில் நம் நாட்டு வாள்களும் கேடயங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கோஹினூர் வைரமும் அங்கேதான் கூண்டுக்குள் இருந்தது. தோற்ற நாட்டின் ஆயுதம் காட்சிப்பொருளாக ஒரு பக்கம், அடுத்த நூற்றாண்டின் ஆயுதம் விற்பனைச் சரக்காக இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துவிட்டுத்தான் கும்பினியின் இளம் அதிகாரிகள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

1853-இல் கோல்ட் லண்டனிலேயே, தேம்ஸ் கரையில் பிம்லிகோ பகுதியில், ஒரு தொழிற்சாலை தொடங்கினார். 1856 வரைதான் அது ஓடியது. அதற்குள் 'நேவி' என்று பெயர்பெற்ற 1851 மாடலில் மட்டும் ஏறத்தாழ 42,000 செய்துவிட்டார்கள். கிரிமியப் போருக்காக பிரிட்டிஷ் அரசே இருபதாயிரத்துக்கும் மேல் வாங்கியது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் செய்த நேவிகள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். அதனால் லண்டன் நேவிக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மரியாதை.

அந்த நேவியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எண்கோணக் குழல். மேற்பட்டையில் கர்னல் கோல்ட், லண்டன் என்ற முகவரி. கைப்பிடிச் சட்டமும் விசைக்காப்பும் இரும்பு. அமெரிக்க நேவியில் அவை பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய பித்தளையாக இருக்கும். உருளையைச் சுற்றிலும் ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். 1843 மே 16-இல் கம்பீச்சே அருகே டெக்சாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அது. வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரின் வேலை. விரல்கள் பட்டுப் பட்டுத் தேய்வதால் அந்தப் பாய்மரங்கள்தான் முதலில் மறையும். சேகரிப்பவர் கையில் எடுத்ததும் பார்ப்பது அதைத்தான்: எத்தனை பாய்மரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது? அடுத்து குழல், சட்டம், உருளை, விசைக்காப்பு எல்லாவற்றிலும் ஒரே தொடர் எண் இருக்கிறதா என்று சோதிப்பார். ஒரு உறுப்பில் எண் மாறினாலும் விலை சரிந்துவிடும்.

தோட்டா என்ற பித்தளைக் குப்பி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு அறையிலும் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்குவார்கள். ஒரு அறையின் தீப்பொறி அடுத்த அறைக்குத் தாவாமல் இருக்க அறை வாயில் கொழுப்பைத் தடவுவார்கள். பின்புறம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு செம்புக் கேப்பு. ஐப்பசி அடைமழையில், கூடாரத்தில், மருந்தையும் கேப்பையும் ஈரம் படாமல் காப்பது பெரும்பாடு. ஆனால் ஒரு முறை நிரப்பிவிட்டால் ஆறு வேட்டு. திரித்துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிக்க முனைந்தவனுக்கு எதிரே ஆறு வேட்டு. கொங்குச் சீமையில் 1805-க்கு முன் நடந்த சண்டைகள் எதிலும் இப்படியொரு ஏற்றத்தாழ்வு இருந்ததில்லை. சின்னமலையின் வீரர்கள் கையிலிருந்ததும் கும்பினிச் சிப்பாய் கையிலிருந்ததும் ஏறக்குறைய ஒரே தலைமுறைத் துப்பாக்கிகள். ஐம்பதே ஆண்டில் அந்தச் சமநிலை போனது.

சேலத்துக்கு இவை எப்படி வந்திருக்கும்? பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும். ராணுவம் கொடுக்காது. லண்டனில் வாங்கிப் பெட்டியோடு கொண்டுவருவார்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆளும் பொருளும் அலையைத் தாண்டி மசூலாப் படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். தேக்குப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் பதித்த ரிவால்வரும், மருந்துக் குடுவையும், குண்டு வார்க்கும் அச்சும் அப்படித்தான் கரை சேர்ந்தன. பிற்பாடு மவுண்ட் ரோட்டின் பி.ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் போன்ற கடைகளே துப்பாக்கிகளை வரவழைத்து விற்றன. கடிகாரத்துக்கும் வைரத்துக்கும் பெயர்போன பி.ஆர் கடையின் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் உலக ஏலங்களில் தலைகாட்டுகின்றன. 1860-களின் தொடக்கத்தில் ரயில் சேலத்தைத் தொட்டது. மவுண்ட் ரோடு சரக்கு சேலத்துக்கு வந்து சேர்வது அதோடு எளிதானது. கலெக்டர் கச்சேரி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம், ரயில் பாதை இன்ஜினீயர் முகாம், நாமக்கல் தாலுகாவைச் சுற்றிவரும் சப்-கலெக்டரின் கூடாரம் என்று கைத்துப்பாக்கி புழங்கிய இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எல்லாம் வெள்ளையர் இடங்கள்.

1857 எழுச்சி வடக்கே நடந்தபோது ரிவால்வரின் குணம் குறை இரண்டும் வெளிப்பட்டன. ஃபாஸ்பெரி என்ற அதிகாரி பின்னாளில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். கோல்ட் நேவியில் குறி தப்பாதவர் என்று பெயரெடுத்த ஒருவர், வாளோடு பாய்ந்துவந்த வாட்டசாட்டமான சிப்பாயை அடுத்தடுத்துச் சுட்டார். குண்டுகள் பட்டன. ஆனாலும் சிப்பாய் நிற்காமல் வந்து அவர் தலையைப் பிளந்துவிட்டுத்தான் விழுந்தான். நேவியின் குண்டு சிறிது, .36 அங்குலம். அதனால் பெரிய குண்டு எறியும் ஆடம்ஸ், டிராண்டர் போன்ற ஆங்கிலேய ரிவால்வர்களுக்கு இந்தியாவில் மவுசு கூடியது. டிராண்டர் விசித்திரமானது. அதற்கு இரண்டு விசை. கீழ் விசையை நடுவிரலால் இழுத்தால் குதிரை எழும், மேல் விசையை ஆள்காட்டி விரலால் தொட்டால் வெடிக்கும். 1873-க்குப் பின் கோல்ட் கம்பெனி தன் புதிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை ஆங்கிலேயத் தோட்டா அளவுகளிலும் செய்து, லண்டன் பால் மால் முகவரியைப் பொறித்து விற்றுப் பார்த்தது. அவை மிகக் குறைவு, அதனால் இன்று மிக அரிது. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி டபிள் ஆக்‌ஷனை ஏற்றுக்கொண்டதும் பழைய வகை ஓரங்கட்டப்பட்டது. ஆக, இந்த வகைக்கு நம் மண்ணில் வாய்த்த காலமே முப்பது சொச்சம் ஆண்டுகள்தான்.

இனி சேலத்து அருணாசலத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலத்தில் அருணாசலம் என்ற கொல்லர் இருந்தார். காட்டுப்பன்றியைக் குதிரைமேல் துரத்திக் குத்தும் ஈட்டிமுனைகள், அகலமான வேட்டைக் கத்திகள், வாள்கள் செய்தார். அலகில் ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் சேலம் என்ற ஊர்ப் பெயரையும் பொறிப்பார். அந்த ஒரு பழக்கம் அவரை வரலாற்றில் நிறுத்திவிட்டது. கொங்கு நாட்டில் வாள் அடித்த, துப்பாக்கிக் குழல் வார்த்த, பூட்டு செய்த ஆயிரக்கணக்கான ஆசாரிகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அருணாசலத்தின் பெயர் லண்டன், அமெரிக்க ஏலப் பட்டியல்களில் இன்றும் அச்சாகிறது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் சேர்வராயனிலும் வேட்டையாடிய துரைமார்கள் ஷெஃபீல்டு கத்தியை விட்டுவிட்டு இவருடைய கத்தியைத் தேடி வாங்கினார்கள். ரிவால்வரில் குண்டு தீர்ந்தாலோ கேப்பு நமுத்துப்போனாலோ கடைசியில் கைகொடுப்பது இடுப்புக் கத்திதானே. சேலத்துக் கத்தியை அவர்கள் வாங்கியது அழகுக்காக அல்ல, உயிருக்கு உத்தரவாதமாக.

சேகரிப்பவர்கள் அருணாசலத்தின் கத்தியையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்கள். பெயர்ப் பொறிப்பு தெளிவாக இருக்கிறதா, கைப்பிடி அசலா, உறை கூடவே வந்ததா? இந்த மண்ணில் செய்த ஆயுதங்களில் செய்தவர் பெயரோடு உலகச் சந்தையில் நிற்பது இது ஒன்றைத்தான் நான் அறிவேன். அவருக்குச் சேலத்தில் ஒரு தெருப் பெயர்கூட இல்லாதது எனக்கு ஆறாத வருத்தம்.

அருணாசலத்தின் பின்னால் கஞ்சமலை நிற்கிறது. அந்த மலை இரும்பைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே விரிவாகப் பேசியிருக்கிறோம். இங்கே ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புக் கல்லை நம்பி வேலையை உதறிவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். நம் கொல்லர்கள் சின்ன மண் மூசையில் இரும்பையும் விறகுத் துண்டையும் இலையையும் வைத்து அடைத்து எஃகு எடுப்பதை நேரில் பார்த்து எழுதியும் வைத்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகு உற்பத்தி அதனால் மலிவானது. ஆலைக்காரர்கள் அவருக்குப் பணம் தராமல் வழக்காடினார்கள். ஹீத் நொடித்துப்போய்ச் செத்தார். அதே ஷெஃபீல்டின் ஃபிர்த் ஆலையிலிருந்துதான் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களுக்கு எஃகு வாங்கினார். சேலத்துக் கொல்லர் உலையைப் பார்த்தவர் ஷெஃபீல்டை மாற்றினார், ஷெஃபீல்டு கோல்ட்டுக்கு எஃகு கொடுத்தது, கோல்ட் சேலத்துக்கு வந்தது. அதைத் தொடும் உரிமை மட்டும் சேலத்துக்காரனுக்கு இல்லாமல் போனது.

இதில்தான் சட்டம் நுழைகிறது. தென்பாளையக்காரர்களின் போர் ஒடுக்கப்பட்டதும், 1801 டிசம்பரில், சென்னை அரசு தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1857-இல் ஒரு ஆயுதச் சட்டம், 1860-இல் இன்னொன்று. கடைசியாக லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி, வாள் எதையும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பியருக்கு விலக்கு. ஏற்காட்டுத் தோட்டத்தில் நேற்று வந்து இறங்கிய இருபது வயது வெள்ளைக்கார உதவி மேனேஜர் ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். அவன் தோட்டத்துக்கு அருகே புலிக்கு மாட்டைப் பறிகொடுத்த குடியானவன் தாத்தா காலத்துத் திரித்துப்பாக்கிக்குக் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா எலும்பும் தோலுமாகக் கிடந்த அதே நேரத்தில் வந்த சட்டம் இது என்பதை மறக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தை எதிர்த்த குரல்களில் முக்கியமானது எழுந்த இடம் சென்னை. 1887 டிசம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியில், பத்ருத்தீன் தியாப்ஜி தலைமையில் காங்கிரஸின் மூன்றாம் மாநாடு கூடியது. ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் அதில் வந்தது. இளம் பிபின் சந்திர பால் அதற்காக முழங்கினார். சேலம் விஜயராகவாச்சாரியார் அந்தக் காலக் காங்கிரஸின் முன்வரிசை மனிதர். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தவர். அரசின் ஒரு சட்டம் மனிதனை எப்படி நசுக்கும் என்று சொந்த உடம்பில் அறிந்தவர் சேலத்திலிருந்து அந்த இயக்கத்துக்குப் போனார்.

வெள்ளையருக்கான இனச் சலுகையை எடுத்த புதிய விதிகள் 1920-இல்தான் வந்தன. அப்போதும் உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் கையில். 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய்க்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில் கடைசியானது, தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும், அதில் மக்களின் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது. அகிம்சையின் தலைவர் இதைக் கேட்டது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். அவர் கேட்டது சுடும் உரிமையை அல்ல. குடிமகனை அரசு நம்ப வேண்டும் என்பதை. அதே ஆண்டு ஏப்ரலில், சேலத்து வக்கீல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தார். அந்த நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. துப்பாக்கி பறிக்கப்பட்ட சீமையிலிருந்தே, துப்பாக்கி இல்லாத போருக்குத் தளபதியும் புலவரும் கிளம்பினார்கள்.

சமவெளி இப்படி ஆயுதமற்றுப் போக, மலைகள் அடங்கவில்லை. கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை ஊர்களில் குழல் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி இன்றுவரை மறையவில்லை. ஒற்றைக் குழல், மரக்கட்டை, பக்கத்தில் ஒரு குதிரை, அதன் அடியில் கேப்பு. ஈயக்குண்டுக்குப் பதில் இப்போது சைக்கிள் பால்ரஸ். பன்றி விரட்டவும் வேட்டைக்கும் வைத்திருப்பது. இதில் கவனிக்க வேண்டியது, கட்டைவிரலால் குதிரையை இழுத்துக் கேப்பை வெடிக்கவைக்கும் அந்த முறை கோல்ட் நேவியின் முறையேதான். லண்டனில் 1856-இல் மூடிய தொழிற்சாலையின் தொழில்நுட்பம் மலையோரக் கொல்லன் பட்டறையில் இன்னும் சாகவில்லை. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது மலையூர்களில் தண்டோரா போடுகிறது. ஒப்படைக்கவும் செய்கிறார்கள். அது சரியான காரியம்தான், உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. ஆனால் ஒப்படைத்த துப்பாக்கிகள் மொத்தமாக அழிக்கப்படும்போது, அவற்றுள் நூற்றைம்பது வயதுள்ளது எது, போன வருஷம் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இந்த வலி புதிதல்ல. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக்கிடங்கு 1860-களில் கலைக்கப்பட்டது. நாயக்கர், மராட்டியர் காலத்து வாள்களும் கட்டாரிகளும் குவியல் குவியலாகப் பழைய இரும்பாக உடைபட்டன. தப்பியவற்றின் ஒரு பகுதிதான் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878-இல் அந்த ஆயுதக்கிடங்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவைத்தார். அதனால் தஞ்சையின் இழப்பையாவது நாம் அறிகிறோம். ஆயுதச் சட்டம் வந்த அதே வருஷம்தான் அந்தக் கட்டுரையும் வந்தது. சங்ககிரி, நாமக்கல் கோட்டைகளில் இருந்தவற்றுக்கு அப்படி எழுதிவைக்கவும் ஆளில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டம்தான் நடப்பில் உள்ளது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை. காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் .380, .455, 9 மி.மீ. அளவுக் கைத்துப்பாக்கிகள் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. தனியார் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால் அமெரிக்கர் நினைக்கும் பொருளில் ரிவால்வர் சேகரிப்பு என்பது இங்கே நடக்காத காரியம், நடக்கவும் வேண்டாம். துப்பாக்கி மலிந்த சமூகம் என்ன ஆகும் என்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களே சொல்கின்றன. நான் கேட்பது வேறு. சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பழைய மாதிரியானதோ, தொன்மை மதிப்புடையதோ, பழுதானதோ ஆன ஆயுதம், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால், அதற்குச் சட்டம் பொருந்தாது. தொன்மைப் பொருள்களுக்கான 1972 சட்டப்படி நூறு வயது கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆக, இங்கே மிஞ்சியிருப்பது இங்கேயே இருக்கும். காயலான் கடைக்குப் போகாமல் இருந்தால்.

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி பக்கத்துப் பழைய மிட்டாதார், மணியக்காரர் குடும்பங்களில் ஒரு துப்பாக்கியாவது இருந்திருக்கும். தாத்தா காலமானபின் வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து, தங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பலர் ஒப்படைத்ததோடு விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கைவிடப்பட்டவை ஆயுதக்கிடங்கு மூலையில் துருப்பிடிக்கின்றன, பிறகு உருக்கப்படுகின்றன. வேறு சிலர் ஆயுத பூஜைக்கு முதல் நாள் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். அதோடு பழைய நீலப் பூச்சும், கம்பெனி முத்திரையும், பொறித்த பெயரும் போய்விடும். சேகரிப்பவர் கண்ணில் துருவைவிடப் பெரிய சேதம் அது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். சுடக்கூடிய நிலையில் இருந்தும் உரிமம் இல்லையென்றால் தாமதிக்காமல் வக்கீலைப் பார்த்து, காவல் நிலையத்தில் முறைப்படி ஒப்படையுங்கள். சுட முடியாதது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், அதை அதிகாரிகள் சொல்ல வேண்டும். ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, எழுத்துகளையும் எண்களையும் குறித்து, அது வீட்டுக்கு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். மூன்றாவதாக, ஒப்படைக்கும் கடிதத்தின் நகலோடு சேலம் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள், அழிப்பதற்கு முன் பார்வையிடச் சொல்லி. கத்திகளும் அப்படியே. வீட்டுப் பரணில் கிடக்கும் துருப்பிடித்த வேட்டைக் கத்தியின் அலகைத் தேய்க்காமல், நல்லெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் அருணாசலம் என்றும் சேலம் என்றும் தெரிந்தால் அதை எந்த விலைக்கும் விற்காதீர்கள். இந்த இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.